கோத்தகிரிக் குளிரில் வியாழனைப் பார்க்க எந்த ஐபீஸ்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். கோத்தகிரியில் இருக்கிறீர்கள். கையில் எட்டு அங்குலக் குழிக்கண்ணாடி கொண்ட, கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. அதன் குவியத்தூரம் 1,200 மி.மீ. கூடவே வந்த 25 மி.மீ., 10 மி.மீ. ப்ளாசல் வகை ஐபீஸ்கள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் மாற்றக்கூடிய லென்ஸ் குழாய்கள், உண்டு. வியாழன், சனி, செவ்வாய் மூன்றையும் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசை. "கிரகத்துக்கு ஆர்த்தோஸ்கோபிக்தான், மற்றதெல்லாம் வீண்" என்று, சுருக்கமாக ஆர்த்தோ எனப்படும் பழைய ஐபீஸ் வகையைப் பற்றி ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் அணியும் மூக்குக்கண்ணாடியில் சிலிண்டர் பவரும் இருக்கிறது. நல்ல ஐபீஸ் ஒன்று வாங்கும் அளவுக்குத்தான் பணம். எதை வாங்குவது, அல்லது உருப்பெருக்கத்தைக் கூட்ட ஐபீஸுக்கு முன்னால் செருகும் பார்லோ லென்ஸ் ஒன்று போதுமா என்று கேட்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 6 அல்லது 7 மி.மீ. குவியத்தூரம், கண்ணை லென்ஸிலிருந்து 15 முதல் 20 மி.மீ. தள்ளி வைத்தே பார்க்கும் வசதி, 50 முதல் 70 டிகிரி காட்சிப்புலம் (ஐபீஸில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்), நல்ல மெருகு: இவை நான்கும் உள்ள ஒன்றை வாங்குங்கள். ஆர்த்தோ பின்னால் வரட்டும். கிரகம் பார்ப்பது பெரும்பாலும் காத்திருக்கும் வேலை. காற்று ஓரிரு விநாடிகள் அசையாமல் நிற்கும்போதுதான் வியாழனின் பட்டைகளுக்குள் இருக்கும் முடிச்சுகளும் சனியின் வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளியும் பளிச்சென்று தெரியும், உடனே மறையும். அந்த விநாடி வரும்போது உங்கள் கண் ஐபீஸில் இருக்க வேண்டும், களைப்பில்லாமல் இருக்க வேண்டும், கிரகமும் புலத்துக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கும் ஐபீஸே உங்களுக்கு நல்ல கிரக ஐபீஸ்.

முதலில் உருப்பெருக்கம். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அதுதான். உங்கள் 25 மி.மீ. 48 மடங்கு தருகிறது, 10 மி.மீ. 120 மடங்கு. வியாழனுக்கு 120 கொஞ்சம் குறைவு, செவ்வாய்க்கு மிகவும் குறைவு. 7 மி.மீ. போட்டால் 171 மடங்கு, 6 மி.மீ. போட்டால் 200. இருநூறு மடங்கில் ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. ஆகிறது. எட்டு அங்குலக் கண்ணாடியால் பிரித்துக்காட்ட முடிகிற விவரங்களில் பெரும்பகுதியை அந்த அளவில் கண் வாங்கிக்கொள்ளும். ஒளிக்கற்றை 0.7 மி.மீட்டருக்கும் கீழே போனால் கண்ணுக்குள் மிதக்கும் தூசு இழைகள் கிரகத்தின் குறுக்கே நீந்தத் தொடங்கும், படமும் மங்கும். ஆகவே 5 மி.மீ., அதாவது 240 மடங்கு, மிகச் சிறந்த இரவுகளுக்கு மட்டும்.

நம் மலைகளுக்கு இந்த விஷயத்தில் பெரிய கொடுப்பினை ஒன்று உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் எந்தக் கிரகமும் நம் தென்வானில் அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதில்லை. கோத்தகிரியின் அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்று மேல். கிரகம் எவ்வளவு தெற்கே போனாலும் உச்சிவட்டத்தை (வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே செல்லும் கோட்டை) கடக்கும்போது 50 டிகிரிக்கு மேலேயே நிற்கும். அதே தென்கோடி வியாழன் லண்டன்காரருக்குச் சுமார் 15 டிகிரி உயரத்தில், தடித்த காற்றின் வழியாகத்தான் தெரியும். கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வகம் அமைவதற்கு முன் சார்லஸ் மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் அலசிப் பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். உங்கள் மலையும் போட்டியில் இருந்த மலைதான்.

ஆனால் உயரம் மட்டும் காற்றை அமைதியாக்கிவிடாது. இரவில் குளிர்காற்று சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கூடவே மூடுபனியும் அடுப்புப் புகையும் சேரும். தேயிலைச் சரிவின் அடியில் தொலைநோக்கியை வைப்பதைவிட நடுச்சரிவிலோ முகட்டிலோ வைப்பது மேல். தேயிலைத் தொழிற்சாலையின் கூரைக்கு மேலாகவோ, பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் மாடியிலிருந்தோ பார்த்தால் எந்த ஐபீஸும் உதவாது. தொலைநோக்கியின் கண்ணாடிகளை ஒரே அச்சில் நேர்ப்படுத்துவதும், அதை ஒரு மணி நேரம் வெளியில் வைத்து ஆறவிடுவதும் முதல் வேலை. இவை இரண்டும் சரியில்லாமல் ஐபீஸ்களை ஒப்பிட்டுப் பேசுவதில் பொருளே இல்லை.

இனி வடிவமைப்புகள். இந்தப் பேச்சு சூடுபிடிப்பதற்குக் காரணம் அதன் வரலாறு என்பதால் அங்கிருந்து வருகிறேன். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் காலத்து ஐபீஸில் இரண்டே லென்ஸ்கள். 1849-இல் கார்ல் கெல்னர் அவற்றில் ஒன்றை ஒட்டு லென்ஸாக மாற்றி நிறச்சிதறலைக் குறைத்தார். 1860-இல் வியன்னாவின் ப்ளாசல் இரண்டு ஒட்டு லென்ஸ்களை எதிரெதிராக வைத்தார். உங்களிடம் இருப்பவை அந்த வழிவந்தவை. 1880-இல் எர்ன்ஸ்ட் அபே மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டி, அதற்கு மேல் தனி லென்ஸ் ஒன்றை வைத்து ஆர்த்தோஸ்கோபிக்கை உருவாக்கினார். அதன் புலம் 40, 45 டிகிரி மட்டுமே. ஆனால் அந்தப் புலத்தின் விளிம்புவரை உருவம் கோணாமல் நிற்கும். சில ஆண்டுகளில் ஸ்டெய்ன்ஹெய்லின் மோனோசென்ட்ரிக் வந்தது: மூன்று கண்ணாடிகள் ஒரே துண்டாக ஒட்டப்பட்டவை, காற்றைத் தொடும் பரப்புகள் இரண்டே இரண்டு.

அந்தக் காலத்தில் லென்ஸ்களுக்குப் பூச்சு கிடையாது. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். போனதில் ஒரு பகுதி உள்ளேயே முட்டி மோதி, கிரகத்தைச் சுற்றிப் புகைபோலப் படியும். அதனால்தான் "கண்ணாடி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது" என்ற விதி பிறந்தது. அன்றைக்கு அது முழு உண்மை. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் ஒளியியல் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சைக் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இன்றைய பல்லடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை விழுக்காட்டை ஒட்டியது. ஏழெட்டு கண்ணாடிகள், பத்துப் பரப்புகள் இருந்தாலும் மொத்த இழப்பு சுமார் 5 விழுக்காடுதான். வியாழனின் வெளிச்சத்தில் 5 விழுக்காடு குறைந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எட்டு அங்குலத்தில் வியாழன் கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு வெளிச்சமானது என்பதால், பக்கத்தில் மங்கலான விளக்கு ஒன்றை எரியவிட்டுப் பார்ப்பதே நல்லது. நிறமும் பட்டைகளின் வேறுபாடும் அப்போது கூடுதலாகத் தெரியும். இருட்டுக்குக் கண்ணைப் பழக்கும் வழக்கம் நெபுலாக்களுக்கு உரியது.

அப்படியானால் எல்லா ஐபீஸும் ஒன்றுதானா? நிச்சயமாக இல்லை. வேறுபாடு லென்ஸ்களின் எண்ணிக்கையில் இருப்பதைவிடச் செய்நேர்த்தியில் அதிகம் இருக்கிறது. கண்ணாடிப் பரப்பின் மெருகு எவ்வளவு வழவழப்பு, லென்ஸின் ஓரத்துக்குக் கறுப்பு பூசியிருக்கிறார்களா, குழாயின் உட்சுவர் பளபளக்கிறதா, புலத்தைச் சுற்றியுள்ள தடுப்பு வளையம் கூர்மையாக இருக்கிறதா: இவைதான் கிரகத்தைச் சுற்றியுள்ள வானம் கறுப்பாக இருக்குமா, சாம்பலாக இருக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. மோசமாக மெருகிட்ட ஆர்த்தோவை நன்றாகச் செய்த எட்டு லென்ஸ் ஐபீஸ் எளிதாக வெல்லும். பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். வியாழனைப் புலத்தின் நடுவில் வைத்து, பிறகு மெல்ல நகர்த்திப் புலத்துக்குச் சற்று வெளியே தள்ளுங்கள். நல்ல ஐபீஸில் புலம் உடனே இருண்டுவிடும். சுமாரான ஐபீஸில் விளிம்பிலிருந்து ஒளிக்கீற்று உள்ளே எட்டிப் பார்க்கும். அடுத்து, கிரகத்தை அங்குமிங்கும் நகர்த்தும்போது மங்கலான இரண்டாவது வியாழன் ஒன்று எதிர்த்திசையில் ஓடுகிறதா என்று கவனியுங்கள். அது உள் எதிரொளிப்பின் பேய் உருவம். மூன்றாவது சோதனைக்கு நிலவே போதும். பிறையின் இருண்ட பக்கம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது, வெளிச்சப் பக்கத்தின் ஒளி அதன்மீது எவ்வளவு வழிகிறது என்று இரண்டு ஐபீஸ்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே உருப்பெருக்கத்தில் ஒப்பிட வேண்டும். 10 மி.மீட்டரையும் 6 மி.மீட்டரையும் ஒப்பிட்டுவிட்டு "6 மங்கலாக இருக்கிறது" என்று சொல்வது ஐபீஸுக்கு இழைக்கும் அநீதி.

ஆர்த்தோவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அபே வடிவத்தில் நன்றாகச் செய்யப்பட்ட ஐபீஸில் நடுப்புலத்தின் தெளிவு அருமையானது. சனிக்கு அருகில் ஒட்டியிருக்கும் என்சலேடஸ் போன்ற மங்கலான நிலவைத் தேடும்போது அதன் கறுத்த பின்னணி உண்மையாகவே கைகொடுக்கும். வானைப் பின்தொடரும் மோட்டார் தாங்கியில் நீண்ட குவியத்தூர லென்ஸ் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு, கண்ணாடி அணியாதவருக்கு, நானே ஆர்த்தோவைத்தான் சொல்வேன். டகஹாஷியின் அபே வரிசையையோ பாடரின் கிளாசிக் ஆர்த்தோவையோ அவர் தயங்காமல் வாங்கலாம்.

உங்கள் நிலை வேறு. டாப்சோனியனில் மோட்டார் இல்லை. வானம் ஒரு நிமிடத்துக்குக் கால் டிகிரி நகர்கிறது. இருநூறு மடங்கில், 42 டிகிரி புலம் கொண்ட ஆர்த்தோவில் வியாழன் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 50 விநாடிகளில் ஓடிவிடும். 66 டிகிரி ஐபீஸில் சுமார் 80 விநாடிகள்; 82 டிகிரியில் ஏறக்குறைய 100. குழாயைத் தள்ளியதும் அது சில விநாடிகள் அதிரும். அந்த அதிர்வு அடங்கிய பிறகு கிடைக்கும் நேரம்தான் உங்களுடைய நேரம். 50 விநாடியில் அதைக் கழித்துப் பாருங்கள், மீதி எவ்வளவு சொற்பம் என்று தெரியும்.

இதில் நம் அட்சரேகையின் கொடுப்பினை ஒரு தொல்லையையும் கூடவே கொண்டுவருகிறது. 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் ஒரே மாதத்தில் எதிர்நிலைக்கு, அதாவது நமக்குச் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்துக்கு, வருகின்றன. இரண்டும் மகம் விண்மீன் இருக்கும் பகுதியில் நிற்கும். கோத்தகிரியில் நள்ளிரவை ஒட்டிக் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். வறண்ட, தெளிவான மாதம் வேறு. ஆனால் டாப்சோனியனைச் செங்குத்தாக நிமிர்த்திவிட்டால் பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாடு. பிடித்துத் தள்ளப் பிடிமானமே இருக்காது. கிரகம் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ பாருங்கள். அப்போதும் 75 டிகிரி உயரத்தில் இருக்கும், காற்றில் பெரிய வித்தியாசம் இராது. அந்த உயரத்திலும் திருப்புவது கொஞ்சம் கடினம்தான், அகன்ற புலம் இருந்தால் குறைவான தடவை திருப்பினால் போதும். செவ்வாயின் வட்டு அந்த முறை 14 ஆர்க் செகண்டுக்கும் (ஓர் ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) சற்றுக் குறைவாகவே இருக்கும். இருநூறு மடங்கு இல்லாமல் அதில் துருவத் தொப்பியும் கரும்பகுதிகளும் கைக்கு வரா.

அகன்ற புலத்துக்கும் எல்லை உண்டு. உங்கள் தொலைநோக்கியின் குவிய விகிதம் (குவியத்தூரத்தைக் குழிக்கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தது) 6. நடுவிலிருந்து விலக விலக, கண்ணாடியின் கோமா என்ற குறையே உருவத்தை ஒருபக்கமாக இழுக்கத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஐபீஸும் அதைத் திருத்தாது. மலிவான அகன்ற புல ஐபீஸ்களில் விளிம்புக் கலக்கம் இதனுடன் சேர்ந்துகொள்ளும். அதனால் 82, 100 டிகிரிக்குக் கிரகத்தின் பொருட்டு பணம் கொட்டத் தேவையில்லை. 60, 70 டிகிரி போதும்.

அடுத்தது கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி. ப்ளாசலிலும் ஆர்த்தோவிலும் அது குவியத்தூரத்தில் முக்கால் பங்கை ஒட்டியிருக்கும். 6 மி.மீ. ஆர்த்தோ என்றால் 5 மி.மீ. அளவுதான், இமைமுடி லென்ஸைத் துடைக்கும். சிலிண்டர் பவர் பற்றிக் கவலைப்பட்டீர்கள். ஒளிக்கற்றை 1 மி.மீ. ஆகும்போது விழியின் நடுவிலுள்ள சிறு பகுதி மட்டுமே வேலை செய்வதால், மிதமான சிலிண்டர் பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமலேயே உருவம் கூர்மையாக இருக்கும். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் குறைகளைக் குவியத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். உங்கள் 10 மி.மீ. ப்ளாசலில் கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் சோதித்துப் பாருங்கள்.

கழற்றிப் பார்க்க முடிந்தாலும் நான் நீண்ட இடைவெளியைத்தான் சொல்வேன். காரணம் உங்கள் ஊரின் குளிர். ஜனவரி இரவில் ஈரமான கண் குளிர்ந்த லென்ஸிலிருந்து 5 மி.மீ. தூரத்தில் இருந்தால் லென்ஸ் உடனே வேர்த்துவிடும். காத்திருந்த அந்தத் தெளிவான விநாடி வரும்போது நீங்கள் லென்ஸ் தெளிவதற்குக் காத்திருப்பீர்கள். இமையின் எண்ணெய்ப்பசை படிந்த லென்ஸ் ஒளியைச் சிதறடித்து, ஆர்த்தோவின் கறுத்த பின்னணியையும் கெடுத்துவிடும். 20 மி.மீ. இடைவெளியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மாற்றப்போகும் ஐபீஸைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூட்டில் அது பனி பிடிக்காது.

பெயர்கள் கேட்டிருந்தீர்கள். விக்சனின் எஸ்எல்வி 6 மி.மீ. உங்களுக்கு மிகப் பொருத்தம்: 20 மி.மீ. இடைவெளி, நல்ல மெருகு, புலம் மட்டும் சற்றுக் குறுகியது. பணம் அதிகம் இருந்தால் டெலிவியூவின் டிலைட் 7 மி.மீ. (62 டிகிரி), பென்டாக்ஸின் எக்ஸ்டபிள்யூ 7 மி.மீ. (70 டிகிரி), இரண்டிலும் இடைவெளி 20 மி.மீ. வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளத் தக்கவை. செலவைக் குறைக்க வேண்டுமானால் பல பெயர்களில் விற்கும் 66 டிகிரி, 6 மி.மீ. சீன ஐபீஸ் இருக்கிறது. அதன் நடுப்புலம் விலைக்கு மீறிய தரம். பேய் உருவமும் விளிம்புக் குறையும் இருக்கும். முதல் ஐபீஸாக அதை வாங்கினாலும் நான் தவறு சொல்ல மாட்டேன்.

பார்லோ தனி உத்தி. 1833-லிருந்து பழக்கத்தில் இருக்கும் எதிர்வில்லைதான் அது. இரு மடங்கு பார்லோவில் உங்கள் 10 மி.மீ. 240 மடங்கு தரும், 25 மி.மீ. 96 தரும். இரண்டுக்கும் நடுவே, அடிக்கடி தேவைப்படும் 170, 200 இரண்டும் விடுபட்டுப்போகின்றன. கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியும் அதிகம் பெருகாது. கூடவே வரும் 10 மி.மீ. ப்ளாசல்கள் பல இடங்களில் சுமாரானவை; அதன் குறையையும் பார்லோ சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும். உங்களுக்கு வேண்டாம்.

மலையில் ஐபீஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. ஈரப்பதத்தில் பூச்சின்மேல் சிலந்திவலை போல் படர்ந்து, பூச்சையே அரித்துவிடும். பார்த்து முடித்ததும் பனி படிந்த ஐபீஸை அப்படியே மூடிவைக்காதீர்கள்; வீட்டுக்குள் மூடியில்லாமல் நன்றாக உலரவிட்ட பிறகு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். தோல் பையும் துணி உறையும் கூடாது. துடைப்பதாக இருந்தால் முதலில் காற்றுப் பந்து, பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் லென்ஸ் தாளில் ஓரிரு சொட்டுத் திரவம். வேட்டி நுனியால் ஒருபோதும் வேண்டாம். பழைய ஐபீஸ் வாங்கினால் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து உள்ளே இழைகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்கும் மாதத்தையும் யோசியுங்கள். புதிய ஐபீஸைத் திருப்பி அனுப்பக் கடைகள் தரும் காலக்கெடு குறுகியது. ஐப்பசி, கார்த்திகையில் வரவழைத்தால் வடகிழக்குப் பருவமழையில் ஒரு தெளிந்த இரவுகூடக் கிடைக்காமல் அந்தக் கெடு முடிந்துவிடலாம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வாங்குங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே பகல் வெளிச்சத்தில் லென்ஸில் கீறல், தூசு, ஓரக் கறுப்பு எல்லாம் பாருங்கள். முதல் தெளிந்த இரவிலேயே மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்துவிடுங்கள்.